எதனால் என்று எழுதாத மூன்று கல்வெட்டுகள்

1.

முதலில் ஒரு வாக்குமூலம். இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையது.

நான் செத்தவர்களைப் பற்றி எழுதுகிறவன். பயப்பட வேண்டாம், பேய்க்கதை இல்லை. எங்கள் ஊர்களில் ஒருவர் கண்ணை மூடினால், முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருபவர்களுக்குச் சாப்பாட்டோடு ஒரு சிறு புத்தகமும் கொடுப்பார்கள். கடதாசியில் அடித்தாலும் அதற்குப் பெயர் கல்வெட்டு. இறந்தவரின் படம், பிறப்பு வளர்ப்பு, வம்ச வரிசை, திதி சொல்லும் வெண்பா, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் எல்லாம் அதில் இருக்கும். கொக்குவிலில் உள்ள ஓர் அச்சகத்துக்காக அந்த வெண்பாவையும் புலம்பல்களையும் எழுதிக் கொடுப்பது நான். முப்பது வருடம் தமிழ் படிப்பித்து இளைப்பாறிய ஒருவனுக்கு இதைவிட நல்ல வாசகர்கள் கிடைக்க மாட்டார்கள். எல்லோரும் அழுதபடி வாசிக்கிறார்கள். ஒருவரும் குறை சொல்வதில்லை. முக்கியமானவர் வாசிப்பதே இல்லை.

சென்ற ஆண்டு ஜெயதீபன் என்பவனுக்கு ஒரு வெண்பா எழுதினேன். அதில் ஓர் இடம்: ‘நோயென்னும் சொல்லறியா நெஞ்சுடையான்.’ எழுதி முடித்து எனக்கு நானே தலையாட்டிக்கொண்டேன்.

அந்த நெஞ்சுடையான் முப்பத்தொன்பது வயதில் நெஞ்சு நின்று செத்தவன். அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் எழுதினேன். ஏனென்றால் வீட்டுக்காரர் கேட்டார்கள், மேலும் அடி நன்றாக ஓடியது.

அதைவிடப் பெரிய விஷயம், அந்த அடியைக் கொம்பியூட்டரில் தட்டியவன் ஜெயதீபனின் சொந்தத் தம்பி. அச்சகத்தில் பக்கம் அமைப்பவன் அவன்தான். அவனைப் பற்றித்தான் இந்தக் கதை. பெயரைப் போட வேண்டாம் என்றான். ஆகவே பார்த்தீபன் என்று வைத்துக்கொள்வோம். என் கையெழுத்தை வாசிக்கக்கூடிய ஒரே மனிதன் அவன் என்பதால் இந்தக் கதையையும் அவன்தான் தட்டுகிறான். இடையில் சதுர அடைப்புக்குள் வருவது அவனுடைய குரல். அழிக்கச் சொன்னேன், மாட்டேன் என்கிறான்.

[என்ரை உண்மைப் பேர் உதைவிட வடிவு, மாஸ்டர்.]

2.

ஆரம்பம் ஒன்று: ‘சண்டிலிப்பாய் வெங்காயத் தறைகளின் மேல் காலை வெயில் பொன்னாக உருகி—’

வேண்டாம். செத்த வீட்டில் நகைக்கடை எதற்கு?

ஆரம்பம் இரண்டு: ‘மரணம் என்பது—’

இதுவும் வேண்டாம். அப்படித் தொடங்கிய வசனத்தை ஒழுங்காக முடித்த ஒருவரையும் நான் கண்டதில்லை.

ஆரம்பம் மூன்று: ஜெயதீபன் தோட்டத்தில் இறைப்பு மிசினுக்குக் கயிறு இழுத்தான். மிசின் பிடித்தது. அவன் விழுந்தான்.

[இது சரி. இதிலை கை வையாதேங்கோ.]

வைக்கவில்லை. திடீர்ச் சாவு என்பதால் பிரேத பரிசோதனை நடந்தது. இதயத்தின் தசைச் சுவர் அளவுக்கு மீறித் தடித்திருக்கிறது என்றார்கள். இது பெரும்பாலும் குடும்பத்தில் இறங்கி வருவது, கூடப் பிறந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் கட்டாயம் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு கடிதமும் கொடுத்தார்கள். கடிதத்தை வாங்கிய தாய் இரத்தினம்மா அதை நாலாய் மடித்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். கல்வெட்டு எழுத நான் போனபோது, “வருத்தம் கிருத்தம் எண்டு ஒண்டும் போடாதேங்கோ மாஸ்டர்” என்றாள். நோய் என்று நான் எதையும் போடவில்லை. அதற்கு எதிர்மாறாகப் போட்டேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமை, ஒரே தங்கை சுவர்ணா சேலை தேடி அலுமாரியைத் திறந்தாள். கடிதம் கையில் வந்தது.

கூடப் பிறந்தவர்கள் என்றால் இரண்டு பேர்: பார்த்தீபன், சுவர்ணா. ஜெயதீபன் தங்கையைக் கட்டிக் கொடுத்த பிறகுதான் தனக்குக் கலியாணம் என்று கட்டாமலே இருந்துவிட்டவன். பார்த்தீபன் அப்படிப் பொறுமையாக இருக்கவில்லை. வரிசையை வெட்டிக்கொண்டு ஓடி, உடுவிலில் உதயகலாவைக் காதலித்துக் கட்டினவன். ஆகவே இந்தக் குடும்பத்தில் ‘அவர்களுடைய பிள்ளைகள்’ என்பது ஒரே ஒரு பிள்ளைதான். நிவேதனா, ஒன்பது வயது.

கதை இவ்வளவுதான். அண்ணனைக் கொண்டுபோனது தம்பியின் நெஞ்சிலும் இருக்கிறதா? இருந்தால், மகளின் நெஞ்சிலும் இருக்கிறதா? மற்றதெல்லாம் நான் சேர்க்கிற உப்புப்புளி.

3.

பார்த்தீபனுக்கு இரண்டு மாதமாகச் சோதனைக்குப் போக நேரம் கிடைக்கவில்லை. முதல் கிழமை அச்சகத்தில் வேலை நெருக்கம். இரண்டாம் கிழமை மழை. மூன்றாம் கிழமை மழை இல்லை, ஆனால் மழை வரும்போல் இருந்தது. அதற்குப் பிறகு அட்டமி, நவமி. நாள் கோள் எதையும் நம்பாத மனிதன் அந்த நாட்களில் மட்டும் பஞ்சாங்கத்தைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தான்.

ஆனால் உடம்பு மட்டும் சோதனைக்குப் போய்வந்துவிட்டதுபோல் நடந்துகொண்டது. வாளியில் பாதித் தண்ணீர்தான் அள்ளினான். மாடிப் படியில் ஏறுமுன் நின்று யோசித்தான். அச்சக முதலாளி கிறகோரி கண்டுபிடித்துவிட்டார்.

“என்ன தம்பி, ரெண்டு கட்டுப் பேப்பர் தூக்கிறதுக்கு ஏதோ முட்ட வாற மாட்டைப் பாக்கிறமாதிரிப் பாக்கிறாய்?”

“நாரிப்பிடிப்பு அண்ணை. இடுப்பை நிமித்தேலாது.”

“நாரியிலை பிடிச்சதுக்கு ஏன் நெஞ்சிலை கை வைக்கிறாய்?”

வேலையும் உதவி செய்யவில்லை. திரையில் எந்நேரமும் ஒரு முட்டை வடிவச் சட்டம், சுற்றிவரத் தாமரை. அதற்குள் ஒவ்வொரு நாளும் ஒரு புது முகத்தை இறக்குவதுதான் அவன் தொழில். சட்டம் காலியாக இருக்கும்போது திரைக் கண்ணாடியில் தன் முகம் அதற்குள் அளவாகப் பொருந்துவதை ஒரு நாள் கண்டான்.

[மாஸ்டர், இதை உங்களுக்கு நான் ரகசியமாய்ச் சொன்னனான்.]

அன்று பின்னேரம் சுவர்ணா தொலைபேசியில் பிடித்தாள்.

“சின்னண்ணை, நாளைக்குக் கிளினிக். நீ வாறியோ, நான் வந்து கட்டி இழுக்கட்டோ?”

“எனக்கு ஒண்டும் இல்லையடி. நான் நல்லாத்தானே இருக்கிறன்.”

“பெரியண்ணையும் அண்டைக்குக் காலமை ஆறு இடியப்பம் சாப்பிட்டுட்டுத்தான் போனவர்.”

பார்த்தீபன் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினான்.

“அங்கை குடும்ப விவரம் கேப்பினமாம். ஆர் ஆர், எத்தினை வயசிலை போனவை எண்டு. எடுத்துக்கொண்டு வா.”

4.

இந்த இடத்தில்தான் எங்கள் ஊர்க்காரன் ஒருவனால் மட்டும் செய்யக்கூடிய பிழையைப் பார்த்தீபன் செய்தான்.

குடும்ப விவரம் என்றதும் அவனுக்கு ஒன்றுதான் ஞாபகம் வந்தது. வீட்டில் கோவையாகக் கட்டி வைத்திருந்த கல்வெட்டுகளில் மூன்றை எடுத்து, சுருங்காமல் இரண்டு மட்டைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுபோனான். அப்பப்பா ஆழ்வாப்பிள்ளை. அப்பா பஞ்சலிங்கம். அண்ணன் ஜெயதீபன். மருத்துவர் கேட்டதும் மேசையில் வரிசையாகப் பரப்பினான்.

“இதென்ன?” என்றார் டொக்டர். நடுவயதுப் பெண், மூக்குக் கண்ணாடி நெற்றியில்.

“குடும்ப விவரம், டொக்டர். எல்லாம் பிழை திருத்தி அடிச்சது.”

கண்ணாடியை இறக்கி ஒவ்வொன்றாக வாசித்தார்.

“ஆழ்வாப்பிள்ளை. எழுபத்தோராம் ஆண்டு. நாப்பத்திமூண்டு வயசு. ‘சிவபதம் அடைந்தார்.’ சரி. பஞ்சலிங்கம், தொண்ணூத்தஞ்சு, நாப்பத்தொரு வயசு. ‘இறைவனடி சேர்ந்தார்.’ சரி. ஜெயதீபன்… ‘நோயென்னும் சொல்லறியா நெஞ்சுடையான்.’” நிறுத்தி நிமிர்ந்தார். “இதை எழுதினது ஆர்?”

“எங்கடை மாஸ்டர்.”

“அவருக்கு எத்தினை வயசு?”

“எழுபத்திரண்டு.”

“அவரையும் ஒருக்கா வரச் சொல்லுங்கோ. தலையையும் சேத்துப் பாப்பம்.”

[இதை நான் கூட்டிச் சொல்லேல்லை. அப்பிடியே சொன்னவ.]

பக்கத்தில் இருந்த சுவர்ணா சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள். டொக்டர் மூன்றையும் அடுக்கித் திருப்பிக் கொடுத்தார்.

“தம்பி, இவை எல்லாரும் எங்கை போய்ச் சேர்ந்தவை எண்டு நல்ல வடிவாய் எழுதிக்கிடக்கு. எதாலை போனவை எண்டு ஒண்டிலையும் இல்லை. எனக்கு அதுதான் வேணும். அம்மா இருக்கிறாவோ?”

“ஓம்.”

“கேட்டுக்கொண்டு வாங்கோ. முந்தி எப்பவாவது மயங்கினவையோ, என்ன செய்யேக்கை விழுந்தவை எண்டு. ரெண்டு கிழமையிலை நெஞ்சுக்கு எக்கோ ஸ்கான் எடுப்பம்.”

வெளியே வந்த பார்த்தீபன் நேரே அச்சகத்துக்கு வந்து என் மேசைக்கு முன்னால் நின்றான். ஒன்றும் திட்டவில்லை. மூன்று கல்வெட்டுகளையும் என் முன்னால் வைத்துவிட்டு தேத்தண்ணி வாங்கப் போனான். எனக்கும் சேர்த்துத்தான் வாங்கி வந்தான். அதுதான் திட்டைவிடக் கூடச் சுட்டது.

5.

இப்போது இரத்தினம்மாவை எழுத வேண்டும். முதலில் நான் எழுதியது இது:

‘“ஊருக்குத் தெரிஞ்சால் உன்ரை தங்கச்சியை ஆர் கட்டுவினம்?” என்று இரத்தினம்மா தலையில் அடித்துக்கொண்டு—’

[அம்மா தலையிலை அடிக்கேல்லை. அப்பிடி ஒரு சொல்லும் சொல்லேல்லை. வெங்காயம் தெரிஞ்சுகொண்டிருந்தவ. நீங்கள் உங்களுக்குத் தெரிஞ்ச அம்மாவை எழுதுறியள், மாஸ்டர். என்ரை அம்மாவை எழுதுங்கோ.]

சரி. அவன் சொன்னபடி எழுதுகிறேன்.

சண்டிலிப்பாய் வீட்டு விறாந்தையில் சாக்கு விரித்து, அழுகல் வேறு நல்லது வேறாகத் தாய் வெங்காயம் தெரிந்துகொண்டிருந்தாள். பார்த்தீபன் எதிரே குந்தினான். அவனும் இரண்டு மூன்றை எடுத்து உருட்டினான்.

“அம்மா, அப்பப்பா எதாலை செத்தவர்?”

“நான் கண்டனே? கிணத்தடியிலை விழுந்து கிடந்தவராம். வைரவற்றை பூவரசிலை கொப்பு வெட்டினவர், அதுதான் வைரவர் அடிச்சிட்டார் எண்டு கதைச்சவை.”

“அப்பா?”

“உனக்குத் தெரியாதே? சண்டைக்குப் பயந்து எல்லாரும் இடம்பெயரேக்கை. சைக்கிளிலை ரெண்டு மூட்டை, முன்னுக்கு நீ. உருட்டிக்கொண்டு வந்தவர். தண்ணியும் இல்லை. அந்தச் சனத்துக்கை…”

அந்த வசனத்தை அவள் முப்பது வருடமாக அந்த இடத்தோடு நிறுத்திவிடுவாள். அன்றும் நிறுத்தினாள். பார்த்தீபன் வழமைபோல் எழும்பிப் போகாமல் இருந்தான்.

“அதுக்கு முந்தி எப்பவாவது மயங்கினவரோ?”

தாயின் கை ஒரு வெங்காயத்தில் நின்றது.

“ரெண்டு தரம். ஒருக்காத் தோட்டத்திலை. ஒருக்காத் தேர் வடம் இழுக்கேக்கை. விரதமெண்டு நினைச்சு சோடா குடுத்து எழுப்பினது.”

“ஏனம்மா இதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை? கடிதத்தையும் பூட்டி வைச்சிட்டியள்.”

“அது வருத்தம் இல்லை மோனை.”

“அப்ப என்ன?”

நல்ல வெங்காயக் குவியலில் ஓர் அழுகலை வைத்தாள். அவன் எடுத்து மாற்றி வைத்தான்.

“என்ரை செவ்வாய்.”

அவள் சொன்னதை வரிசையாகச் சொல்கிறேன். இரத்தினம்மாவின் சாதகத்தில் செவ்வாய் தோஷம். புருஷனுக்கு ஆகாத இடத்தில் இருந்தது. இரண்டு சம்பந்தம் அதனால் தட்டிப்போனது. மூன்றாவதாகப் பஞ்சலிங்கம் வந்தபோது அவளுடைய தகப்பன் ஒரு சாத்திரியைப் பிடித்துச் செவ்வாயை நல்ல இடத்துக்கு இடம் மாற்றி வேறொரு சாதகம் எழுதுவித்தார். பத்துக்கு எட்டுப் பொருத்தம். கலியாணம் நடந்தது. பஞ்சலிங்கத்துக்குக் கடைசிவரை தெரியாது.

“நான்தான் அவரைச் சாகடிச்சனான் எண்டு எனக்குத் தெரியும். இப்ப மூத்தவன், கொண்ணையையும். அந்தக் கடதாசியை வைச்சு டொக்டர்மார் கிண்டத் தொடங்கினால் கடைசியிலை என்னட்டைத்தானே வந்து நிக்கும்?”

(இங்கே நான் பேனாவை வைத்துவிட்டேன். வெண்பாவில் பொய் எழுதியவன், சாதகத்தில் பொய் எழுதிய சாத்திரியைப் பற்றி என்ன தீர்ப்புச் சொல்வது? இரண்டு பேரும் ஒரே தொழில். கேட்கிறவர் மனம் குளிர எழுதுவது.)

பார்த்தீபன் கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தான். பிறகு கேட்டான்.

“அம்மா, நீங்கள் கலியாணம் கட்டினது எப்ப?”

“எண்பத்தஞ்சு.”

“அப்பப்பா செத்தது எழுபத்தொண்டு. கல்வெட்டிலை கிடக்கு. அப்ப உங்களுக்கு எத்தினை வயசு?”

“பதினொண்டு.”

“அப்ப உங்கடை செவ்வாய் பதினாலு வருசம் முந்தியே புறப்பட்டு வந்து, எங்கடை கிணத்தடியிலை காத்துக்கொண்டு நிண்டதோ? ஆளைத் தெரியாமல் மாமனாரை அடிச்சிட்டுதோ?”

“விசர்க்கதை கதையாதை” என்றாள். ஆனால் கை எழும்பவில்லை. உதடு அசைந்தது. எழுபத்தொன்று, எண்பத்தைந்து, தொண்ணூற்றைந்து என்று அவள் கணக்குப் பார்ப்பது தெரிந்தது.

“அப்ப இது…” என்றாள் மெதுவாக. “உங்கடை பக்கத்து வருத்தமோ?”

“ஓமம்மா. எங்கடை பக்கத்து வருத்தம். உங்களுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.”

“எனக்கு அப்பவே தெரியும், கொப்பற்றை ஆக்கள் ஒண்டும் சரியில்லை எண்டு.”

சொல்லிவிட்டு அழுதாள். கதையில் வெங்காயத்தை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணை அழவிட்டால் எழுத்தாளன் எந்தப் பக்கமும் நழுவலாம். நான் நழுவவில்லை. அது வெங்காயத்தால் வந்த கண்ணீர் இல்லை.

[நானும் அழுதனான். அதையும் போடுங்கோ.]

6.

எக்கோவுக்குத் தாயும் வந்தாள், பெட்டகப் பூட்டின் திறப்பைப் போலக் கடிதத்தைக் கையில் பொத்திப் பிடித்துக்கொண்டு. தேர் வடத்தையும் சோடாவையும் டொக்டருக்குத் தானே சொன்னாள்.

சுவர்ணாவுக்கு ஒன்றுமில்லை.

பார்த்தீபனுக்கு இருந்தது. இதை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் இடி இடித்தது, ஒன்றில் சுவர்க் கடிகாரம் ஓடியது. மூன்றாவதில் ஒன்றும் நடக்கவில்லை. டொக்டர் ஆறுதலாகச் சொன்னார், அவன் கேட்டான். அதுதான் உண்மை.

“தடிப்புக் கிடக்கு. அண்ணைக்கு இருந்த அளவுக்கு இல்லை. ஒவ்வொரு நாளும் மருந்துக் குளிசை போடவேணும். பாரம் தூக்கிறதில்லை, மூச்சு முட்ட ஓடுறதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருக்கா என்னட்டை வரவேணும். இதோடை வயசுபோய் வாழுறவை கனபேர் இருக்கினம். நேரத்தோடை கண்டுபிடிச்சது நல்லதாய்ப் போச்சு.” பிறகு, “பிள்ளையள்?”

“ஒண்டு, டொக்டர்.”

“இருக்கவும் கூடும், இல்லாமலும் கூடும். சரிக்குச் சரி. கூட்டிக்கொண்டு வாங்கோ.”

அந்தச் ‘சரிக்குச் சரி’யைச் சுமந்துகொண்டு அவன் உடுவிலுக்கு மோட்டார்சைக்கிளில் வந்த தூரத்தை என்னால் எழுத முடியவில்லை. வீட்டு வாசலில் நிவேதனா சப்பாத்துக் கட்டிக்கொண்டு நின்றாள். அடுத்த மாதம் பள்ளிக்கூடத்தில் இல்லங்களுக்கிடையே விளையாட்டுப் போட்டி. நூறு மீற்றரில் அவளைப் பிடிக்க அந்த வகுப்பில் ஆளில்லை. அப்பாவைக் கண்டதும், “நேரம் பாருங்கோ, றோட்டு மதவடி வரைக்கும் ஓடிப்போட்டு வாறன்” என்றாள்.

“இண்டைக்கு வேண்டாம்” என்றான். மறுநாளும் வேண்டாம் என்றான். ஆசிரியைக்குக் கால் நோவு என்று கடிதம் கொடுத்தான். பிள்ளை தன் இரண்டு காலையும் மாறி மாறிப் பார்த்தது.

இனி முடிவுகள்.

முடிவு அ: பிள்ளைக்கும் இருக்கிறது. இதை எழுத உட்கார்ந்தேன். எழும்பிப்போய்ப் பூக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றினேன். மழை பெய்துகொண்டிருந்தது.

முடிவு ஆ: பிள்ளைக்கு ஒன்றுமில்லை, இனி ஒருநாளும் வராது, எல்லோரும் கோயிலுக்குப் போனார்கள்.

[பொய். திரும்பவும் வெண்பா எழுதுறியள், மாஸ்டர்.]

ஓம். சரி. நடந்ததை எழுதுகிறேன்.

நிவேதனா கட்டிலில் இடப்பக்கமாகச் சரிந்து படுத்தாள். நெஞ்சில் குளிர்ந்த பசையைப் பூசியதும் நெளிந்தாள். டொக்டர் கருவியை வைத்து ஒரு பொத்தானை அழுத்தினார். அறை முழுக்கச் சத்தம் நிறைந்தது. சளக், சளக், சளக்.

“அப்பா, உள்ளுக்கை ஆரோ உடுப்புத் தோய்க்கினம்.”

டொக்டர் சிரித்தார். பார்த்தீபன் சிரிக்கவில்லை. அவன் டொக்டரின் கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றான், திரையைப் பார்த்து அவனுக்கு என்ன விளங்கும்? அளந்தார். திரும்ப அளந்தார். இன்னொரு பக்கத்தால் அளந்தார்.

“இண்டைக்கு ஒண்டுமில்லை.”

“இண்டைக்கு எண்டால்?”

“வளரேக்கை வரக்கூடும். வராமலும் விடக்கூடும். வருசா வருசம் பாக்கவேணும். பெரிய பிள்ளையாகி, அதுக்குப் பிறகும்.”

பிள்ளை எழும்பி இருந்தது. “நான் ஓடலாமோ?”

டொக்டர் தகப்பனைப் பார்க்கவில்லை, பிள்ளையைத்தான் பார்த்தார்.

“ஓடலாம். தலை சுத்தினால், நெஞ்சு நோகினால் உடனை நிக்கவேணும். நிண்டு ஆரிட்டையும் சொல்லவேணும். வெக்கப்படக் கூடாது. சரியோ?”

“சரி” என்றாள். சப்பாத்து எங்கே என்று தேடினாள்.

7.

நான் முடிவு கேட்டுப் போனவன். டொக்டரே முடிவு சொல்லவில்லை. இருபது வருடம் படித்து, யந்திரம் வைத்து, மூன்று தரம் அளந்தவர் ‘இண்டைக்கு’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார். வெண்பாக்காரன் நான் எந்த மூலைக்கு?

ஆகவே உங்களைப் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கூட்டிப்போகிறேன். கயிறு கட்டின எல்லைக்கு இந்தப் பக்கம் பெற்றோர். நல்ல வெயில். இரத்தினம்மா குடை பிடித்தபடி எல்லோருக்கும் முன்னால், யாரோ ஒரு தாயிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்: “ஓட்டம் என்ரை பக்கத்தாலை வந்தது.” உதயகலா வாயில் சேலைத் தலைப்பைக் கடித்தபடி. சுவர்ணா கைத்தொலைபேசியில் படம் எடுக்க ஆயத்தமாக. அவர்களுக்குப் பின்னால் பார்த்தீபனும் நானும்.

மூன்றாவது கோட்டில் நிவேதனா குனிந்திருக்கிறாள். பச்சை நாடா. விரல்கள் மண்ணில்.

“குளிசை போட்டனியோ?” என்கிறேன்.

“போட்டனான். நீங்கள்?”

“நானும் பிறஷருக்கு.”

“மாஸ்டர்” என்கிறான், கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. “என்னாலை ஏலாது. நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ.”

கண்ணை மூடிவிட்டான். ஓட்டத்தை ஆரம்பிக்கிறவர் வெடித் துப்பாக்கியை உயர்த்துகிறார். அவனுக்காகப் பார்க்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். எழுபத்திரண்டு வயது, எத்தனையோ சாவீடு கண்டவன், ஒரு சின்னப் பிள்ளை நூறு மீற்றர் ஓடுவதைப் பார்க்கத் தைரியம் இல்லையென்றால் நம்புவீர்களா?

வெடிச் சத்தம் கேட்டது. அவள் ஓடிக்கொண்டிருக்கிறாள். நாங்கள் இரண்டு பேரும் கண்ணை இறுக மூடியிருக்கிறோம்.

நீங்கள் பார்த்துச் சொல்லுங்கோ.